சத்தமில்லாமல் படம் பார்க்க நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த ஆட்டத்துக்குப் போகலாம்?

பார்வதிபுரத்தான்:
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், எங்கே என்றாலும் சரி. அம்மாவுக்குக் காதில் மெஷின் வைத்திருக்கிறோம். வீட்டில் டிவி நன்றாகவே கேட்கிறது, அதனால் பல வருஷம் கழித்துத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன், இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டோம். படம் சுமார்தான், அது வேறு கதை. பின்வரிசையில் ஒரு கூட்டம் பையன்கள், திரையில் ஒரு வசனம் வந்தால் இங்கிருந்து ஒரு பதில் வசனம், ஹீரோ வந்தால் விசில், ஹீரோயின் வந்தால் அதைவிடக் கேவலமாக ஒரு சத்தம். முன்னால் ஒருவர் போனில் இடம் விற்கிற பேச்சை முடிக்கவே இல்லை, சென்ட் என்ன விலைக்குப் படிந்தது என்பது வரை எனக்குத் தெரியும். மெஷினுக்கு எது வசனம், எது விசில் என்று அவ்வளவாகப் பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் ஏற்றித்தான் கொடுக்கும். அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வேண்டுகோள். தியேட்டர் பேரைப் போட்டுத் திட்ட வேண்டாம். மேனேஜர் மாறினால் தியேட்டரே மாறிவிடும், இன்றைக்கு எழுதியது ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். எந்த நாள், எந்த ஆட்டம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கொஞ்சம் நிம்மதி, அதைச் சொல்லுங்கள். வீட்டிலேயே பார்க்கலாமே என்று எழுத வருகிறவர்களுக்கு: அம்மாவுக்குப் பெரிய திரையில் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் மச்சான்:
வீட்டிலேயே பார்க்கலாமே!

சும்மா சொன்னேன் அண்ணே, அடிக்க வராதீங்க. முதல் வாரம் பக்கமே போகாதீர்கள், வெள்ளி சனி ஞாயிறு சுத்தமாக விட்டுவிடுங்கள். இரண்டாவது வாரம் செவ்வாய் அல்லது புதன், காலை ஆட்டம். அதுவரை படம் ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டிய படமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மலையாளப் படம் என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். விளவங்கோடு தாலுகாவில் மலையாளப் படத்துக்கு வருகிறவர்கள் கதை கேட்க வருகிறவர்கள், விசில் எல்லாம் குறைவு.

தோவாளைப் பிச்சி:
மலையாளப் படம் என்றால் அமைதி என்று யார் சொன்னது? 2024 பிப்ரவரியில், கொடைக்கானல் குகைக்குள் ஒருவன் விழுந்து, கூட வந்தவர்கள் அவனை மீட்கிற படம் வந்ததே, அதை நான் நாகர்கோவிலில்தான் பார்த்தேன். பழைய தமிழ்ப் பாட்டு வருகிற இடத்தில் மொத்தத் தியேட்டரும் சேர்ந்து பாடியது. பக்கத்தில் இருந்த பாட்டி அழுதார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, இன்னொரு தடவை கிடைத்தால் அதற்காகவே போவேன். அதனால் இந்த இழையில் எல்லோரும் சத்தம் என்று ஒரே பேரில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. படம் ஆட்களைத் தூக்கிவிட்டால் வாய் திறக்கத்தான் செய்யும். அண்ணன் சொல்கிறது அது இல்லை. ஹீரோயின் வந்தால் ஒரு சத்தம் என்று எழுதியிருக்கிறாரே, அது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சத்தம். திரையைப் பார்த்துப் போடுவதாக நினைப்பு, ஆனால் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற நமக்கும் சேர்த்துத்தான் அது.

நான் தனியாகப் போகிறவள். என் வழக்கம் இது: ஆன்லைனில் சீட் வரைபடத்தைப் பார்த்து, நாலைந்து சீட்டாகச் சேர்த்து எடுத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எடுப்பேன். அது பெரும்பாலும் குடும்பமாக இருக்கும். வரிசை முழுதாக, பத்துப் பன்னிரண்டு சீட் ஒரே மொத்தமாகச் சிவந்திருந்தால் அது கல்லூரிக் கூட்டம், அதில் இருந்து தூரமாகப் போய்விடுவேன். கடைசி வரிசை எப்போதுமே வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எலி:
எல்லோரும் விசிலடிக்கிறவனைக் குற்றவாளி மாதிரி எழுதுகிறீர்கள், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் நாள் முதல் ஆட்டக்காரன். பேப்பர் கிழித்துப் போடுவேன், தொண்டை கட்டுகிற வரை கத்துவேன். அந்த முதல் மூன்று நாள் வசூலில்தான் தியேட்டர் கரண்ட் பில் கட்டுகிறது. உங்கள் புதன்கிழமை காலை ஆட்டத்தில் இருபது பேர் ஏ.சி.யில் உட்கார்ந்து அமைதியாகப் படம் பார்க்கிறீர்களே, அதற்குச் சில்லறை கொடுத்தவன் நான்.

இன்னொன்று. 2023 பொங்கலுக்குச் சென்னையில் ஒரு பையன் தியேட்டர் வாசலில் ஓடுகிற லாரியில் ஏறி ஆடி விழுந்து செத்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் விடியற்காலை ஆட்டம் கிடையாது, பெரிய படம் என்றாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் ஆட்டம். கேரளத்தில் நாலு மணிக்கே போட்டுவிடுகிறான். நம்ம ஊர்ப் பசங்கள் ராத்திரியே பைக் எடுத்துக் களியக்காவிளை தாண்டிவிடுவார்கள், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கே டிக்கெட் கிடைக்கிறதோ அங்கே. ஆக, உங்களுக்குப் பிடிக்காத கூட்டம் விடிவதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் கத்தி முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே ஒன்பது மணி ஆட்டத்தில் முன்னை மாதிரி ஆட்டம் பாட்டம் கிடையாது.

மார்த்தாண்டம் மச்சான்:
எலே எலி, பொய் சொல்லாதே. அங்கே பார்த்துவிட்டு வந்தவன்தான் இங்கே ஒன்பது மணி ஆட்டத்துக்கும் வருகிறான், வந்து அடுத்த சீன் என்ன என்று முன்கூட்டியே சத்தமாகச் சொல்கிறான். நான் அனுபவித்தவன்.

எலி:
அவனை எனக்கும் பிடிக்காது மக்கா. கத்துகிறது ஒரு மரியாதை. கதையைச் சொல்கிறது துரோகம்.

ரப்பர்பால்:
குலசேகரம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து போக வேண்டும், அதனால் இரவு ஆட்டத்துக்கு ஆள் குறைவு. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு மதியம் ஆட்டத்துக்கு வருவார்கள், மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் காலையிலேயே வருவார்கள். ஆக மழை நாளில் அமைதி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதோடு நமக்கு ஜூன் மாத மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கூரை தகரமாக இருக்கிற பழைய கொட்டகையில் மழை பிடித்தால் ரசிகன் வாயை மூடினாலும் கூரை மூடாது. பார்வதிபுரத்து அண்ணன் காது மெஷின் என்று சொன்னதால் இதைச் சொல்கிறேன், சீலிங் போட்ட தியேட்டராகப் பாருங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள். கடல்புறத்துப் பையன்கள் மொத்தமாக வந்துவிடுவார்கள், அன்றைக்குக் காது போச்சு.

குளச்சல் காற்று:
ரப்பர்பால் அண்ணாச்சி, நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் போக முடியவில்லை. எந்த ஊரில் என்ன நடந்தாலும் கடல்புறத்தான் தலையில் கட்டுகிறது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நம்ம மாவட்டத்துக்குத் தடைக்காலம் ஒன்று இல்லை, இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31. இரண்டும் விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்காரனுக்கு அது பொருந்தாது, அவன் பாட்டுக்குக் கடலுக்குப் போவான். தடை என்றால் கையில் காசு இல்லாத காலம், அப்போது டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு வருகிறவன் காசு கொடுத்த படத்தைப் பார்க்கத்தான் வருவான். தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை காணாமல் இருப்பார்கள். திரும்பி வந்து பிள்ளைகளை ஒரு படத்துக்குக் கூட்டிப்போகிறவனைப் பார்த்து காது போச்சு என்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட சத்தம் எந்த ஊர்ச் சத்தம் என்று இருட்டில் எப்படித் தெரிந்தது? தலைப்பில் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தவக்காலத்தில் நிறைய வீடுகளில் சினிமா கிடையாது, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை. அந்த நாற்பது நாளில் கூட்டம் இளைத்துவிடும். ஞாயிறு காலையிலும் அப்படித்தான், பூசை, ஆராதனை முடிந்து வீட்டில் இறைச்சி வெந்து சாப்பிட்ட பிறகுதான் தியேட்டர் ஞாபகமே வரும். ஞாயிறு முழுவதையும் விட்டுவிடச் சொன்ன மச்சானுக்கு இது தெரியவில்லை. காலை ஆட்டம் பாருங்கள், மதியத்துக்கு மேல்தான் தொல்லை.

ரப்பர்பால்:
சரி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. குலசேகரத்துப் பையன்களும் ஒன்றும் சாதுக்கள் இல்லை.

வடிவீஸ்வரம் வாசி:
எல்லோரும் கஷ்டப்பட வேண்டாம். திருவனந்தபுரம் போங்கள். நாகர்கோவிலில் இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ரயிலில் போனால் தம்பானூரில் இறங்கி நடக்கிற தூரத்தில் கேரள அரசே நடத்துகிற கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிற தியேட்டர்கள் அவை. ஈரான் படத்தையும் கொரியப் படத்தையும் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பார்க்கிற ஜனம் அது. நம்மவர்கள் இந்த ஜென்மத்தில் திருந்த மாட்டார்கள்.

தோவாளைப் பிச்சி:
வயதான அம்மாவைக் காலையில் ரயிலேற்றி, படம் பார்த்து, சாயங்காலம் ரயிலேற்றி, ராத்திரி வீட்டுக்கு வர வேண்டுமாம். அண்ணன் பெரிய திரையைக் கேட்டார், தீர்த்த யாத்திரை கேட்கவில்லை. அப்புறம் அந்த விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். சீட் பிடிக்க வாசலில் நடக்கிற சண்டையை ஒருநாள் வந்து பாருங்கள், அதற்கப்புறம் நம்மவர்களைத் திட்டுவீர்களா என்று தெரியும்.

வடிவீஸ்வரம் வாசி:
உள்ளே அமைதி இருக்கும் என்றுதான் சொன்னேன், வாசலைப் பற்றிச் சொல்லவில்லை.

பழைய ஆபரேட்டர்:
பிள்ளைகள் எல்லாம் நாளையும் கிழமையையும் பற்றியே பேசுகிறீர்கள். கேபினில் இருந்தவன் என்கிற முறையில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலுக்குள் இப்போது ஆள் இல்லை, அதுதான் முதல் காரணம். எங்கள் காலத்தில் டார்ச் அடிக்கிறவர்கள் என்று தனியாக ஆட்கள் இருந்தார்கள். டிக்கெட்டில் சீட் நம்பர் கிடையாது, டார்ச்காரர்தான் ஆளைப் பார்த்து உட்கார வைப்பார். குடும்பமா, இந்தப் பக்கம். பையன்களா, அந்தப் பக்கம், அதுவும் முன்னால், அவர் கண்ணில் படுகிற மாதிரி. சத்தம் எல்லை மீறினால் டார்ச் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவனுடைய அப்பாவை அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதே மாதிரி நானும் கேபினை விட்டு நகர முடியாது. ஒரு ரீல் இருபது நிமிஷத்துக்குள் முடியும், அடுத்த புரொஜக்டரை ஓடவிட்டு மாற்ற வேண்டும், வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாக ஹால் முழுக்க எனக்குத் தெரியும், கலாட்டா என்றால் கீழே மணி அடிப்பேன். இப்போது படம் ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட்டிலோ வருகிறது, சர்வரில் ஏற்றி நேரத்தைப் போட்டுவிட்டால் லைட் அணைவது முதல் தானாக நடக்கும். வாசலில் போனைக் காட்டினால் ஸ்கேன் பண்ணி உள்ளே விடுகிற ஒரு தம்பி, கேன்டீனில் இரண்டு பேர். ஹாலுக்குள் என்ன நடக்கிறது என்பது தியேட்டரில் ஒருவருக்கும் தெரியாது. சீட் நம்பர் போட்டாயிற்று, ஆள் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். சீட் காட்டுவதற்காக மட்டும் அந்த ஆள் அங்கே நிற்கவில்லை என்பது முதலாளிக்கு யார் சொல்வது.

அடுத்தது, புதன்கிழமை காலி ஹாலுக்குப் போ என்கிறீர்கள். மெஷின் வைத்தவர்களுக்கு அது எப்போதும் நல்லது இல்லை. ஆட்களின் உடம்பும் துணியும்தான் சத்தத்தைக் குடிக்கிறது. பழைய பெரிய ஹால், பிளைவுட் சீட், சிமென்ட் சுவர், அதில் பதினைந்து பேர் உட்கார்ந்தால் வசனம் சுவரில் மோதித் திரும்பித் திரும்பி வரும். நமக்கே ஒரு மாதிரி இருக்கும், மெஷினுக்கு இன்னும் குழப்பம். அதனால் பிரித்துக் கட்டின சின்ன ஸ்கிரீனாக, துணி உறை போட்ட மெத்தை சீட்டாக, சுவரில் பேனல் அடித்த இடமாகப் பாருங்கள். மெத்தை சீட் காலியாக இருந்தாலும் கொஞ்சம் சத்தத்தைக் குடிக்கும், ரெக்சின் போட்டதைவிடத் துணி நல்லது.

வால்யூம் விஷயமும் இருக்கிறது. டால்பி பெட்டியில் ஒரு எண் இருக்கும், 7 என்பது படத்துக்கு மிக்ஸிங் செய்தவர்கள் கேட்ட அதே அளவு. பெரும்பாலான தியேட்டரில் அதற்குக் கீழேதான் ஓட்டுவார்கள். முதல் நாள் கூட்டம் கத்துகிற கத்தலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று ஏற்றுவார்கள், அப்புறம் அதைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. இருபது பேர் இருக்கிற ஆட்டத்திலும் அதே அளவு. உள்ளே போகும்போதே மேனேஜரிடம் நேராகச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் காது மெஷின், ஒரு பாயின்ட் குறையுங்கள் என்று. கூட்டம் இல்லாத ஆட்டம் என்றால் கட்டாயம் குறைப்பார்கள், ஒரு பித்தானைத் திருப்புகிற வேலைதான். அதைக் கேட்க யாரும் வருவதில்லை.

சீட் என்றால் ஹாலின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், வரிசைக்கும் நடுவில். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கிற நடு ஸ்பீக்கரில்தான் வரும், பக்கச் சுவரில் இருப்பவை மழை, இடி, துப்பாக்கி, கார் எல்லாம். சுவரோரம் உட்கார்ந்தால் அம்மாவுக்கு இடிதான் கேட்கும்.

பார்வதிபுரத்தான்:
ஐயா, ரொம்ப நன்றி. அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்தது சுவரோரம்தான், வெளியே போக வர வசதியாக இருக்கும் என்று எடுத்தேன். மேனேஜரிடம் வால்யூம் குறைக்கச் சொல்லலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

சரி, ஆள் இல்லாத ஹாலில் ஒருவன் கத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது? நாமே சொன்னால் சண்டை.

வக்கீல் குமாஸ்தா:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். நாமே பின்னால் திரும்பி ஏதாவது சொன்னால் அவன் கூட்டத்துக்கு முன்னால் இறங்கிவர மாட்டான், இன்னும் ஏறுவான். அதனால் எழுந்து வெளியே போய் மேனேஜரிடம் சொல்லுங்கள், சீட் நம்பரோடு. சத்தம் போடுகிறான் என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் பார்க்கிறேன் என்பார். போனில் திரையை எடுக்கிறான் என்றால் ஓடி வருவார். ஹீரோ வருகிற சீனை ஸ்டேட்டஸில் போட எடுக்கிறார்களே, பெரும்பாலும் கத்துகிற அதே கூட்டம்தான் அதைச் செய்யும். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தை அனுமதியில்லாமல் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், கூடினால் மூன்று வருஷம் சிறை, அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்குகிறது. தயாரிப்பாளரிடம் இருந்து தியேட்டருக்கும் கேள்வி வரும் என்பதால் அதற்கு மட்டும் எல்லோரும் பயப்படுகிறார்கள். இல்லாததைச் சொல்லச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்லுங்கள், நிச்சயம் இருக்கும்.

கத்துகிறவனை வெளியேற்றத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சில மேனேஜர்கள் சொல்வார்கள். 2023 ஜனவரியில் வெளிச் சாப்பாடு கொண்டுவருகிற வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தியேட்டர் உரிமையாளரின் தனிச் சொத்து, பொது நலனுக்கு விரோதமில்லாத நிபந்தனைகளை அவர் விதிக்கலாம் என்றது. அதை வைத்துத்தானே நம்ம பையில் இருக்கிற ஏத்தங்காய் வற்றலை வாசலிலேயே வாங்கி வைக்கிறார்கள். அதே நிபந்தனையைச் சத்தத்துக்கும் போடலாம், போட மனசு இல்லை. அதே தீர்ப்பில் இலவசக் குடிநீர் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவருகிற சாப்பாட்டைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது, அது உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆபரேட்டர்:
மனசு இல்லை என்பது மட்டும் இல்லை தம்பி. டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதில் விநியோகஸ்தர் பங்கு போக மிஞ்சுவது கொஞ்சம். மிச்சத்தைக் கேன்டீனில்தான் எடுக்கிறார்கள். இடைவேளையில் பாப்கார்னும் பப்ஸும் அதிகமாக வாங்குகிறது அந்தப் பின்வரிசைக் கூட்டம்தான். அவர்களை எழுப்பி அனுப்ப எந்த முதலாளிக்குக் கை வரும்?

எலி:
பார்த்தீர்களா, நான் முதலிலேயே சொன்னேன்.

தோவாளைப் பிச்சி:
எலி, நீ பப்ஸ் வாங்குவதற்காக இன்னொருத்தர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. முதல் நாள் முதல் ஆட்டத்தில் கத்து, யாரும் கேட்கவில்லை, அங்கே வருகிறவன் அதற்காகவே வருகிறான். இரண்டாவது வாரம் காலை ஆட்டத்தில் வந்து கத்துகிறவனைத்தான் பேசுகிறோம்.

எலி:
இரண்டாவது வாரம் நான் வர மாட்டேன் அக்கா. அதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

மார்த்தாண்டம் மச்சான்:
குளச்சல் காற்று சொன்ன ஞாயிறு காலையை ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய் புதன் என்று நான் சொன்னதில் ஒரு திருத்தமும் உண்டு, உள்ளூர் விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் எழுதுகிற குறிப்பில் எல்லாம் இது இருக்காது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, ஓணம், இதற்கெல்லாம் நம்ம மாவட்டத்தில் லீவு. காலண்டரில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாதிரி இருக்கும், தியேட்டரில் தீபாவளி நடக்கும். கல்லூரிப் பரீட்சை முடிகிற நாளையும் விட்டுவிடுங்கள். பரீட்சை நடக்கிற நாட்கள் சொர்க்கம், கடைசிப் பேப்பர் முடிந்த மத்தியானம் நரகம். இந்த மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் இன்ஜினியரிங் காலேஜ், அந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

பார்வதிபுரத்தான்:
புதன் காலை ஆட்டம், மார்த்தாண்டத்தில், சின்ன ஸ்கிரீன், நடு வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் என்று முடிவு செய்திருக்கிறேன். சீட் வரைபடத்தில் இதுவரை ஆறு சீட்தான் போயிருக்கிறது, அதில் நாலு சேர்ந்தாற்போல் இருக்கிறது, பிச்சி சொன்ன மாதிரி குடும்பமாக இருக்கலாம். ஒரு சந்தேகம், ஆள் குறைந்தால் ஆட்டத்தையே ரத்து செய்துவிடுவார்களாமே?

பழைய ஆபரேட்டர்:
செய்வார்கள். ஏ.சி.க்கும் லேம்புக்கும் ஆகிற செலவுகூட வராது என்றால் ஆட்டம் கிடையாது, பணம் திரும்பிவிடும், ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் சொல்வார்கள். கிளம்பும் முன் தியேட்டருக்குப் போன் போட்டு ஆட்டம் உண்டா என்று கேளுங்கள். அப்போதே காது மெஷின் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், ஆளைத் தேட வேண்டாம். அம்மாவைத் தலை சாய்க்கிற இடத்தில் காதை ஒட்டிச் சாய வேண்டாம் என்று சொல்லுங்கள், மெஷினில் கீச்சென்று ஒரு சத்தம் வரும். என் வீட்டிலும் ஒரு மெஷின் உண்டு, அதனால் தெரியும்.

மார்த்தாண்டம் மச்சான்:
புதன் நல்ல முகூர்த்தம் அண்ணே. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து மாப்பிள்ளையின் நண்பர்கள் நேராகத் தியேட்டருக்கு வருவது எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அது மதியம் ஆட்டம். காலை ஆட்டம் என்றால் பயம் இல்லை, மேம்பாலத்துக்குக் கீழே கல்யாண வண்டி நெரிசல் மட்டும் இருக்கும், அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

பார்வதிபுரத்தான்:
சரி. பஸ்ஸில் வருவதா, காரில் வருவதா?

மார்த்தாண்டம் மச்சான்:
பஸ். அன்றைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.